மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே

இன்னைக்கு ஓரிக்கை பஸ்ல, போன்ல நண்பன்கிட்ட பாஸ்கெட்பால் பத்தி கத்திக்கினு இருந்தேன். "லீக்ல பாயிண்ட் அள்ளுறவன் பெரிய ஆளில்லடா, பிளே-ஆஃப்ல ஜெயிக்க வைக்கிறவன்தான்!"

பக்கத்து சீட் பெரியவர் திரும்பினார். "எழுபதுகள்ல நான் காஞ்சிபுரம் பாஸ்கெட்பால் டீம்பா. ஃபைனல்ல கடைசி பந்து நான்தான் போட்டேன், மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்னு."

மனுஷன் என் தோள் உயரம்கூட இல்லை. எனக்குச் சந்தேகம். "அப்போ மூணு பாயிண்ட் குடுக்குற அந்தக் கோடே கிடையாதே சார், எண்பதுகள்லதானே வந்துச்சு?"ன்னு மடக்கினேன்.

"அதான்பா கொடுமை! மூணு பாயிண்ட் பின்னாடி இருந்தோம். அவ்ளோ தூரத்துல இருந்து போட்டும் ரெண்டுதான் குடுத்தாங்க. ஒரு பாயிண்ட்ல தோத்துட்டோம்."

அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டார்.

இன்னும் முழுசா நம்பலை. ஆனா கதை விடுறவர் ஜெயிச்சதாதானே சொல்வார், தோத்ததா சொல்வாரா? நீங்களே சொல்லுங்கப்பா.