சொல்லாமல் கிளம்பிய வீடு

எழுபத்து நாலாம் வருஷம், ஜனவரி மாதம். இத்தாலியின் தெற்கே, கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மெல்பர்னில் நான் வேலை பார்த்த கார் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நின்ற நண்பனின் ஊர் அது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். சாப்பாட்டு நேரத்திலும் கையில் புத்தகம் இருக்கும். அதனால் அவனுக்கு நான் 'புரொபசர்'.

"புரொபசர், எங்க ஊருக்குப் போனா கோடையில போ. குளிர்காலத்துல அங்க நாய்கூட இருக்காது" என்பான்.

நான் போனது குளிர்காலத்தில்தான். அதற்கு நாலு மாதம் முன்பே அவன் லாரி மோதி இறந்துவிட்டான். மெல்பர்னிலேயே அடக்கம் செய்தோம். கம்பெனி என்னை லண்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோது, வழியில் ரோமில் இறங்கி, அவன் கைக்கடிகாரத்தை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்துக்கு அவன் அக்கா வந்திருந்தார். கோடையில் ஹோட்டல் வேலை என்பதால் இங்கிலீஷ் பேசுவார். கடற்கரைச் சாலை நெடுக ஹோட்டல்கள், ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஜூலையில உட்கார இடம் கிடைக்காது. இப்பப் பாருங்க, முழுக் கடலும் உங்களுக்குத்தான்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

வீட்டில் அம்மா கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். நின்றுவிடக் கூடாதென்று தினமும் நான் சாவி கொடுத்து வந்திருந்தேன். அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. அவர் கேட்டதையெல்லாம் அக்கா இங்கிலீஷில் சொன்னார். வலி இருந்ததா? யார் பக்கத்தில் இருந்தது? தெரிந்ததைச் சொன்னேன்.

பிறகு அக்கா ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் பாஷையில்லாமல் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் சமையலறைக்குள் போனார். மூன்று மணி பஸ்ஸை விட்டால் விமானத்தைப் பிடிக்க முடியாது. துக்கம் கேட்கப் போன வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாதல்லவா? சின்ன வயதிலிருந்தே பழகினது. சத்தமில்லாமல் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது, செய்ய வேண்டியதை முறையாகச் செய்துவிட்டோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து லண்டனுக்கு அக்காவின் கடிதம் வந்தது.

அம்மா உள்ளே போனது எனக்குச் சாப்பாடு எடுத்துவரத்தானாம். தட்டோடு வந்து பார்த்தால் ஆள் இல்லை. வழி தவறிவிட்டேனோ என்று, குடைகூட எடுக்காமல், பூட்டிக் கிடந்த ஹோட்டல் ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அக்கா வேலை முடிந்து வந்து, கையைப் பிடித்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவர முடிந்ததாம். "தம்பி ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் இப்படித்தான். அம்மா அடுப்படியில் இருந்தபோது சொல்லாமல் போய்விட்டான். நீங்களுமா?" என்று எழுதியிருந்தார்.

அவன் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

எங்கள் வழக்கத்தை விளக்கி நாலு பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. இன்றும் துக்க வீட்டிலிருந்து சொல்லாமல்தான் கிளம்புகிறேன். ஆனால் தெருமுனையில் நின்று, யாராவது என்னைத் தேடி வாசலுக்கு வருகிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.