புற்று இருந்த வீடு

வீடு மாற்றி மாற்றியே பாகம்பிரியாளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்குக் காரமில்லாமல் குழம்பு வைக்கிறவள். குளிர்காலம் வந்தால் போதும், அங்கே வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கை பரபரக்கும். வந்து தங்குகிறவர்களுக்கு விட்டால் வாடகை ஜாஸ்தி வருமே! உடனே இவளைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். அண்டா குண்டானைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே பாதி ஆயுசு போய்விட்டது. சாகிறதுக்குள் சொந்தமாக ஒரு கூரை, அவள் கேட்டது அவ்வளவுதான்.

பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தது. மரத் தூலம் போட்டு, மேலே செங்கல் அடுக்கிய அந்தக் காலத்துத் தளம். கொல்லைச் சுவரை ஒட்டி இடுப்பளவுக்கு ஒரு புற்று வளர்ந்திருந்தது. விற்கிறவர்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் பாவாடை கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் புருஷன் சகாதேவன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அம்பாளே குடியிருக்கா பாகம். இதைவிட நமக்கு என்னா வேணும்?"

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். சாமி என்று வந்துவிட்டால் மட்டும் பச்சைக் குழந்தை.

பாகம்பிரியாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் ஏதோ உறுத்தியது. வீட்டு விவகாரத்துக்கெல்லாம் அலைந்தவன் தம்பி ஈஸ்வர்தான். அவனைக் கூப்பிட்டு, "கட்டடம் பாக்கற இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டியாந்து காட்டிடலாமாடா?" என்று கேட்டாள்.

"அக்கா, சர்வேயர் அளந்துட்டாரு. பேங்க்லேர்ந்தும் வந்து பாத்துட்டாங்க. இன்னும் எத்தினி பேருதான் பாக்கணும்? ஆடி பொறக்கப் போவுது. அதுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. சர்வேயர் வந்தார், நாடா பிடித்தார், எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்தார், மனை பத்திரத்தில் இருக்கிறபடியே சரி என்றார். அவர் அளக்க வந்தது மண்ணை. அண்ணாந்து பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா? பேங்க் அனுப்பிய ஆள் வாசலில் நின்று நாலு போட்டோ எடுத்தார். கடன் அடையாமல் போனால் இடத்தை விற்று எடுத்துவிடலாமா என்பதுதான் அவர் கவலை. அந்தக் கூரைக்கு அடியில் படுக்கப்போகிறவர்களுக்காகப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. பாகம்பிரியாளுக்கு இது தெரியாமலா இருந்தது? நன்றாகவே தெரிந்தது. ஆனால் அடுப்படியில் வெந்துவிட்டு வந்தவளுக்குப் புருஷனோடும் தம்பியோடும் மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை. "என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஆனி முடிவதற்குள் பத்திரம் பதிந்து, பால் காய்ச்சிக் குடியேறினார்கள். ஐப்பசி மழையில் கூடத்துத் தளத்திலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. சகாதேவன் அப்போதுதான் எழுந்து காபி குடிக்கப் போயிருந்தார்.

அன்றைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. நேரே பக்கத்து ஊரான வேங்கிக்காலுக்குப் போய், சைலஜா என்கிற கட்டட இன்ஜினியரைக் கையோடு கூட்டிவந்தாள். அந்தப் பெண் ஏணி மேல் ஏறித் தூலத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினாள். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"வாங்கறதுக்கு முன்னாடியே இதைப் பாத்திருக்கணும்மா. தூலம் பூரா கரையான். கொல்லையில இருக்கற புத்துலேர்ந்துதான் ஏறியிருக்கு. முட்டுக் குடுத்து மரத்தை மாத்தினா வீடு தேறிடும். ஆனா மொதல்ல அந்தப் புத்துக்கு மருந்து ஊத்தணும். இல்லன்னா புது மரத்தையும் தின்னுடும்."

அடக் கடவுளே! வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றி, கற்பூரம் காட்டிக் கும்பிட்டது தங்கள் கூரையைத் தின்கிறதையா? பாகம்பிரியாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது? தன் மேலேயே காட்டிக்கொண்டாள்.

"அம்மன் மேல விஷம் ஊத்துவியா? குடும்பம் வெளங்குமா?" என்று சகாதேவன் குதித்தார். "வந்த வெலைக்குத் தள்ளிட்டு வாடகைக்கே போயிடலாம்."

"நீங்க போங்க. நான் வரலை."

அவள் அப்படி எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

மருந்து அடிக்கிற கோபி டப்பாவும் கையுமாக வந்தான். சிவப்புப் பாவாடையைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, நான் புள்ளகுட்டிக்காரன். மருந்தைக் கலக்கித் தரேன். இதுல மட்டும் கை வெக்க மாட்டேன்."

அவனைச் சொல்லி என்ன பிரயோசனம்? பாகம்பிரியாள் புற்றின் பாவாடையை அவிழ்த்து, மடித்து, சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கற்பூரம் கொளுத்தினாள். கும்பிட்டுவிட்டு, அவன் மருந்தைக் கலக்கி நீட்டிய வாளியை வாங்கினாள்.

"தாயே, கோச்சுக்காதே. ஒனக்கு இந்த ஊர்ல எடத்துக்கா பஞ்சம்? எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது. இன்னொரு தடவை மூட்டை கட்ட என்னால முடியாதும்மா."

புற்றின் வாயில் மருந்தை ஊற்றினாள்.