புல்க்லி சந்திப்பில் அதியா

அலெக்ஸாண்டிரியாவில் ரம்ல் டிராம் புல்க்லி நிறுத்தத்தைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். ஒன்றாம் எண் வண்டி பாகோஸ் சந்தைப் பக்கம் போகும். இரண்டாம் எண் கடலோரம் கிளீம் வழியாகப் போகும். பிரியும் இடத்தில், தண்டவாளத்தை மாற்றிவிடும் இரும்பு லீவரைப் பிடித்துக்கொண்டு அதியா இருபத்தாறு வருடங்களாக நிற்கிறார். வண்டியின் நெற்றியில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும், லீவரைத் தள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அந்த எண்தான் இரண்டு வருடங்களாக அவருக்குத் தெரியவில்லை. கண்புரை. வெளியே தெரிந்தால் லீவரைப் பிடுங்கிக்கொண்டு பணிமனையில் வண்டி கழுவ அனுப்பிவிடுவார்கள். மனைவி இன்ஸாஃபிடம்கூட மூச்சு விடவில்லை.

கண் கைவிட்ட இடத்தில் காது கைகொடுத்தது. டிராம் ஓட்டுகிறவன் காலால் மணியை மிதிப்பதில் ஆளுக்கொரு பாணி உண்டு. ஷஹாத் அவசரக்காரன், மூன்று மிதி படபடவென்று விழும். லம்ஈ ஒரே மிதியாக நீட்டுவார். எவன் எந்த வழி என்பது மாறாது; ஷஹாத் என்றால் பாகோஸ், லம்ஈ என்றால் கிளீம். மணி கேட்டால் ஆள் தெரியும், ஆள் தெரிந்தால் வழி தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அதியா இரண்டு வருடம் மறைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை லம்ஈக்குப் பாகோஸில் இருக்கும் மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஷஹாத்தோடு வழியை மாற்றிக்கொண்டார். படபடவென்று மணி கேட்டது. அதியா வழக்கம்போலப் பாகோஸுக்குத் தள்ளினார். கிளீம் போக வேண்டிய வண்டி பாகோஸுக்குள் நுழைந்தது. பின்னால் அடுத்த வண்டி வந்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. பெண்கள் பெட்டியில் ஒரே கூச்சல்.

"கிளீம்ல இறங்க வேண்டியவள சந்தைல கொண்டாந்து விட்டா, நான் என்ன கத்தரிக்கா வாங்கவா?" என்று ஒருத்தி ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்டாள்.

மாலையில் ஷஹாத் கொதித்துக்கொண்டு வந்து அதியாவின் முன்னால் நின்றான். கோபத்தில் பேச்சு வரவில்லை.

"யாருப்பா நீ? டிக்கெட்டெல்லாம் அந்தப் பக்கம்" என்றார் அதியா.

இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறவனைத் தெரியவில்லை. ஷஹாத்தின் கோபம் அங்கேயே வடிந்துவிட்டது.

"அடப்பாவி அண்ணே! எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம். ஆண்டவன் மேல ஆணை, யார்கிட்டயும் சொல்லிடாதடா."

"நான் ஏன் சொல்றேன்?" என்றான் ஷஹாத்.

மறுநாள் முதல் வண்டி ஒரே ஒரு முறை மணி அடித்தது. அடுத்தது நிறுத்தி நிதானமாக இரண்டு முறை. லம்ஈயும் தன் பாணியில் நீட்டி நீட்டி இரண்டு. ஒன்று என்றால் பாகோஸ், இரண்டு என்றால் கிளீம். நான்காவது வண்டியிலேயே அதியாவுக்கு விளங்கிவிட்டது. ஷஹாத் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். முப்பது ஓட்டுநர்களும் வாய் திறக்காமல் அவருக்காகக் காலை அடக்கி மிதிக்கிறார்கள். நன்றியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

நண்பகலில் ஒரு வண்டி மணியே அடிக்காமல் வந்து நின்றது. புது ஓட்டுநர், ஏற்பாடு தெரியாதவன். அதியா லீவரைப் பிடித்தபடி நின்றார். தள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கடைசியில் வண்டி அருகே நடந்தார்.

"எந்த வழிப்பா?"

"பெரியவரே, எண்ணு உங்க மூஞ்சிக்கு நேராத்தானே இருக்கு?"

"இருக்கும்ப்பா. எனக்குக் கண்ணு தெரியல."

சொல்லிவிட்டார். இரண்டு வருடத்தில் முதல் முறை, அதுவும் வண்டி நிறைய ஆட்கள் கேட்க.

"ரெண்டுங்க" என்றான் அவன், தணிந்த குரலில்.

தள்ளிவிட்டு நேரே பக்கத்திலிருந்த காவல் கூண்டுக்குள் போய்ப் பணிமனைக்குத் தொலைபேசினார். "வேற ஆள அனுப்புங்க. இங்க நிக்கிறவனுக்குக் கண்ணு தெரியல."

"அங்க நிக்கிறது நீதானேய்யா?"

"நானேதான்."

மாற்று ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரமும் வருகிற வண்டியிடமெல்லாம் நடந்துபோய் வாய்விட்டுக் கேட்டார். ஷஹாத்தின் வண்டி வந்தது, கவனமாக ஒரு முறை மணி அடித்து நின்றது. அதியா அதனிடமும் போனார்.

"எந்த வழிடா?"

"மிதிச்சேனே! காதும் போச்சா அண்ணே?" என்று கிசுகிசுத்தான் ஷஹாத்.

"காது நல்லாத்தான் இருக்கு. நீ எனக்காகத் திருட்டு மணி அடிச்சது போதும். நாலு பேர் கேக்க வாயால சொல்லு."

ஷஹாத் அவர் முகத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பாகோஸ்!" என்று கத்தினான், தெருவே திரும்பிப் பார்க்கும்படி.

அதியா லீவரைத் தள்ளினார்.