பக்கத்து இருக்கையில் பேசுவது

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். குடியிருப்பைச் சுற்றி வழக்கமான நடை. வாசலில் தண்ணீர் டேங்கர் குறுக்கே நின்றதால் கடைசிச் சுற்று அரையோடு முடிந்தது. ஷூ துடைத்தேன். முந்தைய நாள் இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டையை நாற்காலி முதுகில் மாட்டினேன். மனைவி பள்ளிக்குக் கிளம்புமுன் இருவரும் போஹா என்கிற அவல் உப்புமா சாப்பிட்டோம். அவளுக்கு மிளகாய் கூடுதல், எனக்கு எலுமிச்சை கூடுதல்.

வேறுபாடு ஒன்றுதான். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு நகரின் மறுபக்கம் பாணேரில் ஒரு பயிற்சி நிலையத்தில் எனக்கு சிமுலேட்டர் தேர்வு, அதாவது தரையிலுள்ள மாதிரி விமானி அறையில் ஓட்டிக் காட்டுவது. எழுத்துத் தேர்வையும் நேர்காணலையும் தாண்டியிருந்தேன். இதையும் தாண்டினால் விமான நிறுவனத்தில் துணை விமானி வேலை. வேறொரு நிறுவனம் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்த நிறுவனம் நாற்பத்தைந்து வயது முடிந்தவர்களை எடுப்பதில்லை. எனக்கு ஏப்ரலில் முடிகிறது. விமானப்படையை விட்டு வந்து ஒரு வருடம் படிப்பிலும் உரிமத் தேர்வுகளிலும் போயிருந்தது. இதற்குப் பிறகு விண்ணப்பிக்க இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

விமானப்படையில் நான் ஓட்டியதெல்லாம் ஒற்றை இருக்கைப் போர் விமானங்கள். அதில் பக்கத்தில் யாரும் கிடையாது. சக்கரத்தை மடக்க வேண்டுமென்றால் என் கைதான் மடக்கும். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோவில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் ஸ்க்வாட்ரனில் மாலைத் தேநீர் முடியும்வரை கேலி செய்வார்கள். நான் அப்படிக் கேலிக்கு ஆளானதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பயணிகள் விமானத்தில் எல்லாமே நேர்மாறு. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். ஓட்டுபவர் கேட்க வேண்டும், கண்காணிப்பவர் செய்ய வேண்டும். இதைப் பழகுவதற்காக ஒரு மாதமாக வீட்டில் பயிற்சி நடந்தது. விமானி அறையின் பெரிய படத்தை அச்சடித்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி, முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டோம். இடது நாற்காலியில் நான் ஓட்டுவேன். வலது நாற்காலியில் மனைவி. அவள் கணக்கு டீச்சர். கையில் மர ஸ்கேல் இருக்கும். அவள் செய்ய வேண்டிய வேலைக்கு என் கை தானாக நீண்டால் விரலில் ஒரு தட்டு.

"சக்கரம் என் டிபார்ட்மெண்ட். வாயைத் திறந்து கேளுங்க."

"தெரியும், கை முந்திக்குது."

"அடுப்புலயும் இப்படித்தான். குழம்பு கொதிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல. கேஸை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவீங்க. நான் வந்து அடுப்பு ஏன் அணைஞ்சதுன்னு தேடணும்."

நான்காவது வாரத்தில் ஸ்கேலுக்கு வேலை இல்லாமல் போனது. தேர்வன்று காலை பள்ளிக்குப் போகும்போது அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். "இனிமே பசங்களுக்குத்தான்" என்றாள்.

பதினொன்றரைக்கே கராடியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து டாக்ஸியில் கிளம்பினேன். பல்கலைக்கழகச் சந்திப்பில் நெரிசல் உண்டு என்று கணக்கிட்டுக் கிளம்பியும் அங்கே வண்டி நகரவில்லை. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஃபிளைட்டா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எப்படியோ அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.

தேர்வுக்கு இருவர் இருவராக உட்கார வைப்பார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். சாதாரா ஊர்க்காரர். அவருக்கும் அன்று அதே தேர்வு, அதே வேலை. அங்கே பேசியதெல்லாம் இந்தியும் ஆங்கிலமும். நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

"சார், நீங்க ஃபைட்டராமே? நீங்க சொல்றபடி செஞ்சுடறேன்" என்றார்.

"அப்படிச் செஞ்சா ரெண்டு பேரும் ஃபெயில். என் கை உங்க பக்கம் வந்தா தட்டிவிடுங்க. வீட்ல அதுக்கு ஸ்கேல் இருந்தது."

அவர் சிரித்தார். ஆனால் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தார்.

சிமுலேட்டர் அறையில் ஏசி குளிர். தேர்வாளர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வயதான கேப்டன், குறைவாகப் பேசுபவர். மடியில் ஒரு பலகை, கையில் பென்சில்.

முதலில் நான் ஓட்டினேன். மேலே எழும்பியதும் சக்கரத்தை மடக்கச் சொன்னேன்; அந்தப் பெண் மடக்கினார். ஏறும்போது ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டார் தேர்வாளர். விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. காலை அழுத்தி நேராக்கினேன். எந்த எஞ்சின் என்று இருவரும் சத்தமாகச் சொல்லி உறுதி செய்த பிறகே அந்தப் பெண் சுவிட்சைத் தொட்டார். ஒரே எஞ்சினோடு வந்து இறங்கினேன். என் கை ஒரு முறைகூட எல்லை தாண்டவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்தது அந்தப் பெண்ணின் முறை. இப்போது விமானம் அவர் கையில். என் வேலை பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும். வேகம் குறைந்தால் 'ஸ்பீட்' என்று சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிக் கீழே இறங்கினால் 'சிங்க் ரேட்'. இனி சரிவராது என்று தோன்றினால் 'கோ அரவுண்ட்', அதாவது தரையிறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறு. மூன்றும் எனக்கு மனப்பாடம்.

தேர்வாளர் பக்கக்காற்றைக் கூட்டினார். ஓடுபாதை கண்ணில் பட்டபோது எங்கள் விமானம் கொஞ்சம் வலப்பக்கம் விலகியிருந்தது. அவர் திருத்தினார். திருத்தும்போது வேகம் குறையத் தொடங்கியது. நான் பார்த்தேன். இன்னும் குறைந்தது. அதையும் பார்த்தேன். இறங்கும் வேகம் கூடியது. அந்த நேரத்தில் என் மூளையில் ஒரு சொல்கூட இல்லை. வேகம், உயரம், காற்று மட்டுமே இருந்தன. எத்தனையோ வருடங்கள் அப்படியேதான் பறந்திருக்கிறேன்.

நாங்கள் ஓட்டிய வகை விமானத்தில் இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கம்பி உண்டு; அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் விமானம் நம் கைக்கு வந்துவிடும். அதை ஒரு பதிவுக் குரல் அறிவிக்கும். நான் வாய் திறக்குமுன் அந்தக் குரல் கேட்டது. அப்போதுதான் என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

தேர்வாளர் காட்சியை உறைய வைத்தார். ஓடுபாதை விளக்குகள் கண்ணாடியில் அசையாமல் நின்றன.

"ஏன் எடுத்தீங்க?"

"வேகம் குறைஞ்சது, சார். இறக்கமும் அதிகம்."

"எப்போ பார்த்தீங்க?"

"ஆரம்பத்துலயே."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல, சார்."

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்து முழங்கால்மேல் வைத்திருந்தார்.

"உங்களுக்கு என்ன தோணுது?" என்று அவரைக் கேட்டார் தேர்வாளர்.

"வேகம் குறையுதுன்னு எனக்குத் தெரியல, சார். சொல்லியிருந்தா எஞ்சின் த்ரஸ்ட் கூட்டிக் கொடுத்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "என் கையிலேர்ந்து பிடுங்கிட்டாரு" என்றார். புகார் சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

அவருக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு கொடுக்கப்பட்டது. இம்முறை அவர் அழகாக இறக்கினார்; நான் சொல்வதற்கு எதுவுமே இருக்கவில்லை. அவர் தேறிவிட்டார் என்பது தேர்வாளர் தலையசைத்ததிலேயே தெரிந்தது. அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"நல்லா ஓட்டுறீங்க. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. வீட்ல பயிற்சி பண்ணீங்களா?"

"ஒரு மாசம், சார். மனைவியோட."

"அவங்க ஓட்டினாங்களா, எப்பவாவது?"

"இல்ல, சார். தினமும் நான்தான் ஓட்டினேன்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "வேலை கிடைச்சா, பாதி நேரம் நீங்க ஓட்ட மாட்டீங்க. பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஒருத்தர் தனியா வர்றார், ஜோடி இல்ல. நீங்க வந்து பக்கத்துல உட்காருங்க. அதை வச்சு முடிவு பண்றேன். கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுதான்னு பார்க்கணும்."

வெளியே அந்தப் பெண் டாக்ஸிக்குக் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார். ஆனா அந்த மெஷின் வாய்ஸ் வந்தப்போ நிஜமாவே பயந்துட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"அப்போ நான் இடது நாற்காலியில உட்காரட்டுமா?"

"உட்கார்ந்து என்ன பண்ணுவே? படத்துல வேகம் குறையாது. நான் கத்துறதுக்கு ஒரு தப்பு நடக்கணும்."

"தப்புதானே வேணும்?" என்று கார் சாவியை எடுத்தாள். "வாங்க. சாயங்காலம் ஆறரை. முண்ட்வா பாலத்துல அதுக்குப் பஞ்சமே இல்ல."

எங்கள் காரைப் பெரும்பாலும் அவள்தான் ஓட்டுவாள். நான் பக்கத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பேன். கராடி பைபாஸைத் தாண்டுமுன்பே என் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது.

"கை" என்றாள்.

எடுத்து மடியில் வைத்தேன்.

"இடது பக்கம் ஆட்டோ."

"தெரியுது."

"தெரியுதுன்னா 'செக்ட்'னு சொல்லணும்."

"செக்ட், கேப்டன் சார். ஹார்ன் அடிக்கவும் பர்மிஷன் வேணுமா?"

எதிர்ப்புறமாக ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவள் பிரேக் அடித்த பிறகு "ஸ்கூட்டர்" என்றேன்.

"இது நியூஸ். எச்சரிக்கை இல்ல. அவன் போயே போயிட்டான்."

அடுத்த அரை மணி நேரம் எனக்குக் கடினமாக இருந்தது. பார்ப்பது எனக்குக் கஷ்டமில்லை. அவளுக்கு முன்பே எல்லாம் என் கண்ணில் பட்டது. பார்த்ததற்கும் வாய்க்கும் இடையில்தான் ஏதோ அடைத்துக்கொண்டது. அவளே பார்த்திருப்பாள், சொன்னால் எரிச்சல்படுவாள், இன்னும் ஒரு நொடி பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அந்த ஒரு நொடி போனதும் கை துடிக்கும். இருந்தாலும் வழியெல்லாம் பேசினேன். பள்ளம், பஸ், தெருநாய், பஸ். அவள் 'செக்ட்' சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, என் பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர் டேங்கர் இடதுபுறம் நின்றிருந்தது. அவள் அதைக் கடக்க வேகம் எடுத்தாள். டேங்கரின் அடியில், முன்சக்கரத்துக்கு அப்பால், சைக்கிள் சக்கரம் ஒன்று நகர்வதைக் கண்டேன்.

"நிறுத்து."

அவள் ஏன் என்று கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, நிறுத்தினாள். பின்னால் ஹார்ன்கள் அலறின. டேங்கருக்கு முன்னாலிருந்து சைக்கிளில் ஒரு பெரியவர் குறுக்கே வந்து, எங்கள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. பிறகு அவள் வண்டியை எடுத்தாள்.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்குக் கிடைக்கலைன்னா?"

"ஏப்ரல் வந்துடும்."

"அது எனக்குத் தெரியும். என்ன பண்ணுவீங்க?"

"தெரியல."

"சரி" என்றாள். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்தோம்.

மறுநாள் புதன்கிழமை, காலையில் நடை இல்லை. இருட்டோடு கிளம்பி ஏழு மணிக்கு முன்பே வலது இருக்கையில் இருந்தேன். இடது இருக்கைக்கு வந்தவர் முப்பது வயதுக்காரர், சரளமாகப் பேசுபவர், வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஓட்டியவர். பெல்ட் போடுமுன் அவரிடம், "நான் நிறைய பேசுவேன். தொந்தரவா இருந்தாலும் பதில் சொல்லுங்க" என்றேன். "பேசுங்க சார், தூக்கம் வராம இருக்கும்" என்றார்.

அன்று முதலில் செய்தது தரையிறங்கும் பயிற்சி. பக்கக்காற்று. ஓடுபாதை தெரிந்தது. வேகம் குறைந்தது.

"ஸ்பீட்" என்றேன்.

பதில் இல்லை. மறுபடி சொன்னேன். "செக்ட்" என்று த்ரஸ்ட் கொடுத்தார், போதவில்லை. இறக்கம் கூடியது.

"சிங்க் ரேட்."

"சரியாயிடும், சார்."

அவர் குரலில் லேசான எரிச்சல். அவருக்கும் அது தேர்வுதான். என் வார்த்தையால் அவர் தரையிறக்கம் கெடும் என்பது தெரிந்தது. என் கைகள் தொடைமேல் இருந்தன.

"கோ அரவுண்ட்" என்றேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் விமானத்தின் மூக்கைத் தூக்கி, ஃபிளாப்பை, அதாவது இறக்கைமடிப்பைக் குறைக்கச் சொன்னார். அவர் கேட்ட பிறகுதான் நான் கையை நீட்டி அந்த நெம்புகோலை ஒரு படி நகர்த்தினேன்.