கப்பலில் போன சிவப்பு

டிராகன் பழம் கள்ளி இனம் என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. கள்ளியை வேலிக்கு வைப்பார்கள், தின்பதற்கா வைப்பார்கள் என்று கேட்டார். அந்தமானில், மாயாபந்தரில் எங்களுக்கு இருந்தது பாக்குத்தோப்பு. அதில் பாதியை வெட்டிவிட்டுக் கள்ளி நடச் சொன்னவள் நான். போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். தற்காலிக வேலை. வருடாவருடம் நேர்முகத்தேர்வுக்குப் போய், பிறகு அதே நாற்காலியில் வந்து உட்காருவேன். என் படிப்புக்கு மதிப்பிருந்த ஒரே இடம் அப்பாவின் வீடு. அங்கேயாவது அதைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அரிப்பு.

அவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். பெரும்பாலான பூக்களுக்கும் பழங்களுக்கும் சிவப்பையும் நீலத்தையும் தருவது ஆந்தோசயனின். கள்ளிக் குடும்பம் அந்த வழிக்கே போகாது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, அதிலிருந்து பீட்டாலெய்ன் என்ற வேறொரு சாயத்தைச் செய்துகொள்ளும். பீட்ரூட்டும் அப்படித்தான், காகிதப்பூவும் அப்படித்தான். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் எவ்வளவு விட வேண்டும் என்று மட்டும் கேட்டார். முதல் அறுவடையில் ஆசையாக நான்கு பழம் தின்றவர், மறுநாள் காலையில் பயந்துபோய் போன் செய்தார். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உடம்பு முழுசாக உடைக்க முடியாமல் வெளியே தள்ளும் சாயம்தான் அது என்றேன். அதன் பிறகு பஜாரில் பார்த்தவரிடமெல்லாம் தன் பழம் எவ்வளவு அழுத்தமான சிவப்பு என்பதற்கு இதையே சாட்சியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உணவுக்கு இயற்கைச் சாயம் தயாரிக்கும் சென்னை வியாபாரி ஒருவர் அப்பாவிடம் பேசினார். சென்னையில் தனக்குத் தெரிந்த பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பச் சொன்னார். சாயத்தின் அளவு திருப்தியாக இருந்தால் வருடம் முழுக்க விளைவதை மொத்தமாக எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் பழங்களை மாயாபந்தரிலேயே விற்றாக வேண்டும், அங்கே வாரத்துக்கு இரண்டு கூடைக்கு மேல் போகாது. அப்பாவின் கள்ளித்தோட்டம் நிற்பதும் போவதும் அந்த மாதிரியில் இருந்தது. மாதிரி தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது.

பீட்டாலெய்னுக்கு வெயிலும் சூடும் ஆகாது. வகுப்பில் வருடந்தோறும் நான் சொல்லும் பாடம் இது. சாற்றை உறைய வைத்து, ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்கிவிட்டால் பயமில்லை. அதற்கான இயந்திரம் பக்கத்துத் துறையில் இருந்தது. அந்தத் துறைத்தலைவியோடு ஒரு தேர்வுப் பணி விஷயத்தில் சண்டை போட்டு ஆறு மாதமாக முகம் பார்க்காமல் இருந்தேன். போய்க் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் போகவில்லை. சாற்றைப் பிழிந்து, வடிகட்டி, கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன்.

மெயின்லேண்டுக்கு எதை அனுப்புவதென்றாலும் கப்பலில் யார் போகிறார்கள் என்று விசாரிப்பதுதான் எங்கள் தீவின் வழக்கம். மருந்து, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான் போகும். அந்த வாரம் அக்காவின் கணவர் போகவிருந்தார். சென்னையில் அவருடைய தங்கை வீட்டில் விசேஷம். இங்கிருந்து போகிறவர் மீன் இல்லாமல் போனால் சொந்தக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அத்தானிடம் ஒரு பெட்டி நிறைய சுர்மை, அதாவது வஞ்சிரம் மீன் இருந்தது, என்னுடைய பெட்டி இன்னொன்று. கப்பல் கேன்டீன்காரர் குளிர்பெட்டியில் ஒரு பெட்டிக்குத்தான் இடம் என்றிருக்கிறார். அத்தான் மீனை உள்ளே வைத்தார். என் பெட்டி மூன்று நாள் அவர் படுக்கைக்குக் கீழே புழுக்கத்தில் கிடந்தது. ஐஸ் முதல் நாளே தண்ணீராகிவிட்டது.

சூடு பட்டால் அந்தச் சிவப்பு மூலக்கூறு இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பாதி மஞ்சள், மறுபாதிக்கு நிறமே கிடையாது. பரிசோதனைக்கூடத்தைக் குறை சொல்ல முடியாது. கைக்கு வந்த மஞ்சள் தண்ணீரைச் சோதித்து, சாயம் மிகக் குறைவு என்று எழுதினார்கள். வியாபாரி அதை நேரே அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்பா அதை பஜாரில் அச்செடுத்து, லேமினேட் செய்து, நிலப் பத்திரத்தோடு வைத்துக்கொண்டார்.

அத்தான் திரும்பி வந்ததும் நடந்ததை என்னிடம் சொன்னார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா அழுதாள்.

"அப்பாட்ட மட்டும் சொல்லிராதடி. அப்புறம் இவர வாசப்படி மிதிக்க விடமாட்டாரு" என்றாள்.

சரி என்றேன். அக்காவுக்காக என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். பொய். கப்பல் கதை வெளியே வந்தால், திரவமாக ஏன் அனுப்பினாய் என்ற கேள்வியும் வரும். அப்பா கேட்காவிட்டாலும் நான் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த காய்ப்பில் மறுபடி அனுப்பலாம் என்று அப்பாவிடம் பட்டும் படாமல் சொன்னேன். ஒரு தடவை பார்த்தாகிவிட்டதே என்றார். ஒரு மாதத்துக்குள் கள்ளி முழுவதையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்.

பக்கத்துத் தோப்பு வேலிமரத்தில் ஏறியிருந்த ஒரு கள்ளிக்கொடி மட்டும் அவர் கத்திக்குத் தப்பியது. விடுமுறைக்குப் போனபோது அதில் மூன்று பழம் இருந்தன. யாருக்கும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து, கல்லூரியில் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தேன். சாயம் ஏராளமாக இருந்தது. வியாபாரி கேட்ட அளவைவிட அதிகம். கருவியை அணைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் வந்த அழுகை.

அடுத்த முறை போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். அப்பா வெட்டிய இடத்தில் பாக்குக் கன்று நட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதில் நடும் கன்று காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று அவருக்குத் தெரியாததல்ல. குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என்னிடம் நீட்டினார்.

"முப்பது வருசமா இதுலதான் பாடுபட்டேன். நீ படிச்சவ, சச் சொல்லு, நெசத்தச் சொல்லு. கொற மண்ணுலதான?"

"ஆமாப்பா" என்றேன்.

அவர் கையிலிருந்த மண்ணைக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டு அடுத்த கன்றை எடுத்தார்.