தலைமாட்டில் உட்காரும் டாக்டர்

நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் மாணவனானேன். கடலூரில் பதினைந்து வருடம் குழந்தைகள் டாக்டராக இருந்துவிட்டு, மயக்க மருந்துப் படிப்புக்காகச் சிதம்பரம் போனேன். முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். "பையன் பத்தாவது, அப்பன் ஃபர்ஸ்ட் இயர். ஒரே கடையில ரெண்டு பேருக்கும் நோட்டு வாங்கிடறேன்" என்றாள் என் மனைவி. ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களிடம், கிளினிக்கில் கூட்டம் ஜாஸ்தி, உடம்பு தாங்கவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எல்லோரும் நம்பினார்கள்.

காரணம் ஒரு நாலு வயதுப் பையன். டெங்குவோடு வந்தான். அவன் அப்பாவுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் வேலை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ரத்த அழுத்தம் சரிந்தது. ஐ.சி.யூ.வுக்குள் பெற்றவர்களை விடவில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. மத்தியானம் அவன் போய்விட்டான். "நீங்க போய்ச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, லேப் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கி என் காரில் ஏறிக்கொண்டேன். அந்தத் தாயின் அலறல் கார் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எந்தக் குழந்தையின் மேல் கை வைத்தாலும் அதன் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சளி, இருமலுக்குக்கூடப் பயந்தேன். ஆபரேஷன் முடிந்ததும் வெளியே போய் வீட்டாரிடம் பேசுவது சர்ஜன். மயக்க டாக்டர் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் படித்தேன். கோழைத்தனம் என்று வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

படித்து முடித்து வேலையும் அப்படியே அமைந்தது. காரில் ஒரு பை. காலையில் கடலூரில் இரண்டு நர்சிங் ஹோம், அப்புறம் சிதம்பரத்தில் மூன்று. "ஊசி போட வந்தவரு" என்பார்கள். ஓடிப்போனவனுக்கு ஒன்பதில் குரு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சிசேரியனை நான் கணக்கில் எடுக்கவில்லை. இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும், தாய் விழித்திருப்பாள். தலைமாட்டில் உட்கார்ந்து அவளைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு குழறினாலே என்னவோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

போன வருடம் சிதம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோம். ராகு காலத்துக்கு முன்னால் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டார் நெருக்கியதால் எல்லாம் அவசரம். கேஸ் ஷீட்டில் இரண்டாவது பிரசவம், முதல் குழந்தை உயிரோடு இல்லை என்று இருந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை, வழக்கம்போல அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை. முதுகில் ஊசி போடும்போது, "கொஞ்சூண்டுதான் வலிக்கும், அவ்ளோதான்" என்றேன். குழந்தைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியது, விடவில்லை.

படுக்க வைத்த பிறகு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"அம்மா வீடு காட்டுமன்னார்கோயில் சார். நாங்க இருந்தது கடலூரு. மொத பையன் அங்கதான் தவறிட்டான். டெங்கு."

நான் மானிட்டரைப் பார்த்தேன். அந்தப் பெண்ணே பேசினார்.

"டாக்டரு நல்லாதான் பாத்தாரு சார். அவரக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வந்து ஒரு வார்த்த சொல்லல. நர்ஸம்மாதான் சொன்னாங்க. அவரு வருவாரு வருவாருன்னு ஒக்காந்தே இருந்தேன்."

என் முகத்தில் மாஸ்க் இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது, அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். மயக்க டாக்டர் பாதியில் இடத்தை விட்டு எழ முடியாது. குழந்தையை எடுத்தார்கள். பெண். உடனே அழவில்லை. அந்தத் தாய் கண்ணை மேலே உருட்டி என்னைப் பார்த்தார். "ஏன் சார் அழல?"

"தொடைக்கறாங்கம்மா. இப்ப அழும் பாருங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அழுதது. மாஸ்க்குக்குள் நானும் அழுதேன்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். தலைவலி இருக்கிறதா, கால் அசைகிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிடும் வேலைதான். அவருடைய அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தார். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"கடலூர்ல உங்க பையனப் பாத்த டாக்டர் நான்தாம்மா. அன்னைக்கு உங்க முகத்தப் பாக்க பயந்துகிட்டுப் போயிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "தெரியும் சார். ஊசி போடறப்பவே கொரல்ல தெரிஞ்சிச்சு. அவனுக்கும் அப்டித்தான சொல்லுவீங்க. அதனாலதான் சொன்னேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் இருந்த குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே அவர் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். ஆறு வருஷமா அதக் கேக்க எனக்கு ஆளில்ல. கடைசியா என்னக் கேட்டானா?"

கேட்டான். அதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியதை ஆறு வருடம் நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டாம்மா. அம்மா எங்கன்னான். கதவுக்கு அந்தாண்ட ஒக்காந்திருக்காங்கன்னேன். 'வீட்டுக்குப் போயிடல இல்ல?'ன்னு கேட்டான். இல்லடா, இருக்காங்கன்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டான்."

அவர் குழந்தையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"போவல சார்" என்றார். "அங்கயேதான் இருந்தேன்."