மஞ்சள் சட்டை, நாலு வயது

இன்று மதியம் ஈப்போ குனோங் ராபாட் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என்னைப் பிள்ளை பிடிப்பவள் என்று நினைத்துவிட்டார்கள்.

கூட வந்தது அண்ணன் மகள் யாழினி. ஐஸ்கிரீம் கிடையாது என்றதும் தரையில் உட்கார்ந்து அலறினாள். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒரே சமயத்தில் கத்தின. அவசர எச்சரிக்கை: ஈப்போவில் ஒரு பெண் பிள்ளையைக் கடத்திவிட்டார்களாம். நாலு வயது, மஞ்சள் சட்டை.

யாழினிக்கும் நாலு வயது. போட்டிருந்தது மஞ்சள் சட்டை.

பக்கத்து மேசை அக்கா எழுந்து வந்து அவளிடம் கேட்டார்: "இவங்க யாரு கண்ணு?"

"தெரியாது" என்றாள், அந்த ராட்சசி.

இரண்டு பேர் வாசலை மறித்து நின்றார்கள். நான் என் அடையாள அட்டையை, ஐசியை, நீட்டினேன். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐசி யாருகிட்டதான் இல்ல? ஒங்கப்பா எந்தத் தோட்டம்?"

"ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட்டுக்கா. லோரி ஓட்டுன மாரிமுத்து."

அக்கா யாருக்கோ போன் போட்டார். பேசிக்கொண்டே என் முன்முடியை விலக்கிப் பார்த்தார்.

"செம்பனக் குலை மேல விழுந்து நெத்தியில தையல் போட்ட பொண்ணா? ஆமா, தழும்பு இருக்கு. அண்ணன் மக பேரு யாழினியா? சரி." போனை வைத்துவிட்டு என்னிடம், "உக்காந்து சாப்பிடுலா" என்றார்.

மோர் குடிக்கும்போது அந்தப் பிள்ளை பத்திரமாகக் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. கடையே கை தட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யாழினிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். யாழினி என்றாவது தொலைந்தால், அந்த அக்கா பக்கத்து மேசையில் இருந்தால் போதும்.

நீங்களும் உங்கள் அப்பா எந்தத் தோட்டம் என்று இன்றே கேட்டு வையுங்கள். ஐசி செல்லாது.